பதினோரு மாதக் கோச்

பூங்காவனம் தன் வாழ்நாளில் கையெழுத்துப் போட்ட முதல் ஒப்பந்தம் ஒரு வீட்டு வாடகை ஒப்பந்தம். அதில் வீடு என்பது பன்னிரண்டு பெண்கள் கொண்ட ஒரு வாலிபால் அணி. குடித்தனக்காரி அவள்.

இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தப் பத்திரத்தை நானே படித்திருக்கிறேன். ஆவடி சுற்றுவட்டாரத்தில் வாலிபால் பந்தயம் எங்கே நடந்தாலும் மைக் பிடிப்பவன் நான். யூசுப் பாய் என்றால் மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். யார் சர்வீஸ் போடுகிறார், ஸ்கோர் என்ன, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை யார் எடுக்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. அபிப்பிராயம் சொல்வது என் வேலை இல்லை. அப்படி மைக்கில் சொல்லாமல் விழுங்கி வைத்ததையெல்லாம் இங்கே கொட்டப் போகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவனம் எனக்குத் தங்கை மாதிரி, அதனால் அவளுக்கு 'அவள்' போதும். பரந்தாமனுக்கு 'அவர்' போடுவது என்னைவிட வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும். வேறு காரணம் தேட வேண்டாம்.

பூங்காவனம் அம்பத்தூர் மேனாம்பேட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே இருப்பவள். அவள் அப்பா நெல் போட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்காமல் அதன் காவலாளி அவளை உள்ளே விடமாட்டான். பள்ளிக்கூடத்துக்கு ஆடினாள், ஜில்லாவுக்கு ஆடினாள், மாநில அணிக்கும் ஆடினாள். ஒரு பந்தயத்தில் குதித்து இறங்கும்போது எதிரணிக்காரியின் பாதத்தின் மேல் இறங்கி முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு தனியார் பள்ளிகளில் பி.டி. டீச்சர் வேலை. எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரே கதை. ஏப்ரலில் நிறுத்துவார்கள், ஜூனில் கூப்பிடுவார்கள். தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்தாள் என்று எங்கேயும் பதிவாகிவிடக் கூடாதாம். பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கிற இடங்கள் இவை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் அவள் கணவன் கோபி ஒருமுறை என்னிடம் சொன்னான். "பாய், இவ 'நிரந்தரம்'னு சொன்னா அடுத்தவங்க வேலைய பத்தி பேசிகினு கீறான்னு அர்த்தம்." அந்தச் சொல் ஒரே ஒருமுறை அவள் பக்கமும் வந்தது. திருவள்ளூரைத் தாண்டி ஒரு பெண்கள் விளையாட்டு விடுதி. அங்கே நிரந்தரக் கோச் வேலை. வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு சரி. லீக்கில் கோப்பை வென்ற அணிக்குக் கோச்சாக இருந்தேன் என்று அந்த அணியின் உரிமையாளரிடம் சான்று வாங்கி வைக்க வேண்டும். அவளுடைய அணி கோப்பை வென்றிருந்தது. சான்று தர வேண்டிய உரிமையாளர் பரந்தாமன். வம்பு அங்கேதான்.

பரந்தாமனின் குடும்பம் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் பயிர் வைத்த குடும்பம். இப்போது பிளாட் வைக்கிறது. அவர் போட்ட மனைப்பிரிவுக்கு 'லேக் வியூ அவென்யூ' என்று பெயர். அங்கிருந்து ஏரியைப் பார்க்க வேண்டுமானால் மேல்நிலைத் தொட்டியின் மேல் ஏற வேண்டும். அவருக்கு ஒரே மகள், கிருஷ்ணப்பிரியா. அவளுக்கு ஒரு பெரிய தனியார் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேறு அப்பனாக இருந்தால் மகளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்திருப்பான். இவர் ஒரு டீமே வாங்கினார். பெயர் 'லேக் வியூ குயின்ஸ்'. டீமுக்குக் கோச் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பூங்காவனம் வந்தாள்.

ஒப்பந்தம் போட்டவன் அவருடைய மைத்துனன் மோகன். பூந்தமல்லியில் வீட்டுத் தரகும், வாடகைப் பத்திரம் டைப் அடிப்பதும் அவன் தொழில். அவனுடைய கம்ப்யூட்டரில் இருப்பது ஒரே ஒரு பத்திரம். அதில் 'வீட்டுச் சொந்தக்காரர்' வருகிற இடத்தில் 'அணிச் சொந்தக்காரர்', 'வாடகைதாரர்' வருகிற இடத்தில் 'பயிற்சியாளர்', 'மேற்படி வீடு' வருகிற இடத்தில் 'மேற்படி அணி' என்று மாற்றினான். மற்றதை எதற்குத் தொடுவது என்று அப்படியே விட்டுவிட்டான்.

"பதினோரு மாசம்தான் போடணும் மாமா" என்றான் மோகன். "பன்னெண்டு போட்டா பாத்தியதை வந்துடும். அப்பால காலி பண்ணவே மாட்டாங்க."

"ஆமாம்பா. நம்ம பூந்தமல்லி கடைல ஒருத்தன் இன்னும் ஒக்காந்துகினு கீறானே" என்றார் பரந்தாமன்.

பூங்காவனம் பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இன்னா அண்ணாத்தே, சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு போட்டுக்குது? வாலிபால் கோர்ட்டுல ஏது சுவரு?"

"அதெல்லாம் ஒரு இதுக்கு போடறதும்மா. நீ போடு கையெழுத்து."

மின்சாரக் கட்டணம் பயிற்சியாளரைச் சேர்ந்தது. மேற்படி அணியை உள்வாடகைக்கு விடக்கூடாது. காலி செய்யும்போது மேற்படி அணியைக் குடிவந்தபோது இருந்தது போலவே திருப்பி ஒப்படைக்க வேண்டும். இந்த லட்சணத்தில் இருந்த பத்திரத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள். அது ஜூன் மாதம் முதல் தேதி. முடியும் நாள் ஏப்ரல் கடைசி. பள்ளிக்கூடங்கள் அவளுக்குப் பழக்கிவிட்ட அதே கணக்குதான்.

வேலை நடந்தது ஆவடியில் ஒரு மைதானத்தில். வந்த பெண்களில் பாதிப் பேர் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். மீதி அம்பத்தூர், பட்டாபிராம் பக்கம். ரயிலில் வந்து, ரயிலில் போவார்கள். கிருஷ்ணப்பிரியா மட்டும் காரில் வருவாள், ஏசியை விட்டு இறங்க மனமில்லாமல் இறங்குவாள். நல்ல பெண். குதிக்க வராது, ஓட வராது, ஆனால் கை சுத்தம். இதைப் பூங்காவனம் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். மற்றவர்கள் ஸ்மாஷ் அடித்துப் பழகும்போது, கிருஷ்ணப்பிரியாவைக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி சர்வீஸ் மட்டும் போட வைத்தாள். தினமும் அதுதான். பந்து சுழலாமல் போக வேண்டும், நெட்டைத் தாண்டியதும் தள்ளாட வேண்டும்.

பரந்தாமனுக்கு இது பிடிக்கவில்லை. "என் பொண்ணு ஸ்மாஷ் அடிக்கணும்மா. சர்வீஸ் போடறதுல போட்டோ நல்லாவே வராது" என்றார்.

"உன் பொண்ணுக்கு ஸ்மாஷ் வராது அண்ணாத்தே. சர்வீஸ் வரும். வர்றத வுட்டுட்டு வராதத போட்டு ஏன் கொல்ற?"

சம்பளம் வாங்குகிறவள் இப்படிப் பேசலாமா என்ற கேள்வி அன்றைக்கு அவர் முகத்தில் ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

லீக் ஏப்ரலில் முடிந்திருக்க வேண்டும். தேர்தல் வந்தது, மைதானம் கிடைக்கவில்லை, மே மாதத்துக்குத் தள்ளிப் போனது. ஏப்ரல் கடைசியில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பரந்தாமனுக்கும் இல்லை, மோகனுக்கும் இல்லை. பூங்காவனத்துக்கு ஞாபகம் இருந்திருந்தாலும் அரையிறுதிக்கு முந்தின நாள் அணியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகிறவளா அவள்?

இறுதிப் பந்தயத்துக்கு மைக் நான். எதிரணி கோச் கோட்டோரமாக ஓடினார், குதித்தார், தலையில் அடித்துக்கொண்டார். அவர் கத்தியதெல்லாம் என் மைக் வழியாக மைதானம் முழுக்கக் கேட்டது. பூங்காவனம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அது அவளுடைய வழக்கம். "சொல்ல வேண்டியத பிராக்டீஸ்லயே சொல்லிட்டேன் பாய். இப்ப போய் கத்தினா, அன்னிக்கு சொன்னது பொய்யின்னு புள்ளைங்க நெனச்சிக்கும்" என்பாள்.

ஐந்தாவது செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று. சர்வீஸ் நம் பக்கம். அப்போது ஒரே ஒரு தடவை பூங்காவனம் கட்டிய கையைப் பிரித்தாள். கிருஷ்ணப்பிரியாவின் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினாள். கூட்டத்தில் பாதிப் பேர் முனகினார்கள். முதலாளி மகளுக்குச் சலாம் போடுகிறாள் என்று நினைத்தார்கள். பரந்தாமனும் அதையேதான் நினைத்து எழுந்து நின்று கை தட்டினார். அந்தப் பெண் சர்வீஸ் போட்டாள். எதிரணிக்காரி பந்தை எடுத்தாள், பந்து அவள் கையில் பட்டு மரத்தடிக்குப் போனது. இன்னொன்று போட்டாள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, பந்து நடுவில் விழுந்தது. கோப்பை வந்தது. நான் மைக்கில் ஸ்கோரைச் சொல்ல மறந்துவிட்டுக் கத்தினேன்.

அடுத்த வாரம் பூந்தமல்லியில் ஃபிளெக்ஸ் எழும்பியது. கோப்பையோடு பரந்தாமன், பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட மோகன். மோகனுக்குக் கீழே 'வெற்றிப் பயிற்சியாளர்' என்று எழுதியிருந்தது. வாலிபாலில் பந்தைக் கையால் அடிக்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியுமோ என்னவோ. பூங்காவனத்துக்கு, இனிமேல் வர வேண்டாம் என்று டிரைவர் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. சான்றுக்குப் போனாள்.

"வேல வேணாம் அண்ணாத்தே. கோப்பை வாங்கின டீமுக்கு நான் கோச்சா இருந்தேன்னு ஒரு வரி எழுதி குடு. ஆஸ்டல் வேலைக்கு கேக்கறாங்க. இந்த வருசம் வுட்டா எனக்கு வயசு தாண்டிடும்."

பரந்தாமன் ஃபிளெக்ஸை நினைத்தார். ஊர் முழுக்க மோகன் சிரித்துக்கொண்டிருக்கும்போது இவளுக்குச் சான்று கொடுத்தால் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மோகன்தான் வழி சொன்னான். அன்றைக்கு அவனுக்கு மூளை வேலை செய்தது, அதுதான் அவர்களைப் பிடித்த சனியன்.

"உன் அக்ரிமெண்ட் ஏப்ரல்லயே முடிஞ்சிபோச்சும்மா. கோப்பை வாங்கினது மே. மே மாசத்துல நீ கோச்சே கிடையாது" என்றார் பரந்தாமன்.

"அப்ப நான் அங்க இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"சும்மா நின்னுகினு இருந்தே."

பூங்காவனம் லீக் கமிட்டிக்கு மனு கொடுத்தாள். கமிட்டி, அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடியது. செயலாளர் இராமகிருஷ்ணன், ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. இலை போடும் மேசையில் கோப்புகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் மாதிரி உட்கார்ந்திருந்தார். மைக் நான்தான் எடுத்துப் போனேன். பத்துப் பேர் கூடுகிற கூட்டத்துக்கு அவருக்கு மைக் வேண்டும்.

பரந்தாமன் எழுந்து பேசினார். "பைனல்ஸ் அன்னிக்கு எல்லாரும்தான் பாத்தீங்க. அந்த டீம் கோச்சு எப்படி ஓடிகினு கத்திகினு இருந்தாரு? இந்தம்மா ஒரு வார்த்த பேசிச்சா? கைய கட்டிகினு சும்மா நின்னுச்சு. சும்மா நிக்கறவங்களுக்கெல்லாம் சான்று குடுத்தா, நாளைக்கு கடலை விக்கறவனும் கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் வாலிபால் ஆடியவர்கள். அவள் செய்தது என்னவென்று தெரிந்தவர்கள். அவர்களும் சிரித்தார்கள், ஏனென்றால் மதியச் சாப்பாடு பரந்தாமன் செலவு. நான் மைக்கை அணைத்துவிட்டேன். இராமகிருஷ்ணன் உடனே அதைக் கவனித்து, போடச் சொன்னார்.

"டெக்னிக்கலா பாத்தா, ஒப்பந்தம் இருந்தாத்தான் கோச். உணர்ச்சிக்கு இதுல இடமில்ல" என்று தீர்ப்பு சொன்னார். மோகன் பெயர் லீக்கில் பதிவாகவே இல்லை, அதனால் அவனையும் கோச் என்று எழுத முடியாது. கடைசியில், மே மாதத்தில் லேக் வியூ குயின்ஸ் அணிக்குப் பயிற்சியாளர் என்று எவரும் இல்லை என்று எழுதி, முத்திரை குத்தினார்கள். கோச்சே இல்லாமல் கோப்பை வென்ற அதிசய அணி என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. பாயசம் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பூங்காவனம் அழுதாள். "நான் நின்னது தப்பா பாய்? ஓடியிருந்தா ஒத்துகினு இருப்பாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மண்டபத்தின் பந்தல் கம்பத்தைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் காரணமில்லை, பூங்காவனமும் காரணமில்லை. கல்லூரி அட்மிஷன் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டுப் படிவத்தில், பந்தயத்தில் ஆட இறக்கிய பயிற்சியாளரின் கையெழுத்து வேண்டும். கிருஷ்ணப்பிரியா அப்பாவிடம் சொல்லாமல், காரையும் எடுக்காமல், இரண்டு பஸ் மாறி மேனாம்பேட்டுக்கு வந்தாள். வாசலில் நின்று, "மேடம், அப்பா பண்ணதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அத்த வுடு. அந்த ரெண்டு சர்வீஸ் போட்டது நீதானே? எங்க போடணும் காட்டு" என்று சொல்லிப் பூங்காவனம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மோர் கொடுத்து அனுப்பினாள்.

கல்லூரிக்காரர்கள் விவரமானவர்கள். கையெழுத்து உண்மைதானா என்று லீக்குக்கு எழுதிக் கேட்டார்கள். இராமகிருஷ்ணன் தன் கடமையைச் செய்தார். மேற்படி மாதத்தில் மேற்படி அணிக்குப் பயிற்சியாளர் எவரும் இல்லை என்று தீர்மான நகலோடு பதில் போட்டார். மகளின் படிவம் திரும்பி வந்தது.

பரந்தாமன் அன்றைக்கே மேனாம்பேட்டுக்கு ஓடி வந்தார். சந்துக்குள் கார் நுழையவில்லை. பழத்தட்டோடு நடந்து வந்தார், பின்னால் மோகன். மோகன் கையில் பழைய தேதி போட்ட பத்திரத் தாள். தரகர்கள் வீட்டில் ஊறுகாய் மாதிரி அது எப்போதும் இருக்கும்.

"ஒரு மாசத்துக்கு எக்ஸ்ட்ராவா அக்ரிமெண்ட் போட்டுக்கலாம் பூங்காவனம். ஏப்ரல் தேதில. நீதான் கோச்சு. நீ ஒரு கையெழுத்து போட்டா என் பொண்ணு பொழச்சிக்கும்" என்றார்.

"உன் பொண்ணுக்கு கையெழுத்து நான் அப்பவே போட்டுட்டேன் சார்" என்றாள் அவள். அண்ணாத்தே என்று கூப்பிடவில்லை என்பதை அவர் கவனித்தாரா தெரியாது. "அது செல்லாதுன்னு பண்ணது நீ. ஆளுங்கள கூட்டி, சோறு போட்டு பண்ணே. போய் அங்கயே சொல்லு. திருட்டுத் தேதி பத்திரத்துல எல்லாம் நான் போட மாட்டேன்."

பழத்தட்டும் திரும்பிப் போனது.

முதல் கூட்டத்துக்குத் தேதி கொடுக்கவே இழுத்தடித்த கமிட்டி இந்த முறை உடனே கூடியது. பணம் இருப்பவன் அவசரம் ஊர் அவசரம். அதே மண்டபம், அதே மேசை, அதே மைக். கிருஷ்ணப்பிரியாவும் வந்திருந்தாள். பூங்காவனத்தின் விடுதி வேலை விண்ணப்பத்துக்கு அன்றையிலிருந்து கெடு இரண்டே நாள். அவள் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. போன தடவை தான் ஜெயித்தது தப்பு என்று இப்போது வாதாட வேண்டியவர் பரந்தாமன்.

"அவங்கதான் சார் கோச்சு" என்றார் பரந்தாமன். "மே மாசம் பூரா அவங்கதான் வந்தாங்க. அவங்க இல்லாங்காட்டி கோப்பையே கிடையாது."

இராமகிருஷ்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கோப்பைப் புரட்டினார். "போன தடவை நீங்களேதான் சொல்லியிருக்கீங்க. சும்மா நின்னுகிட்டிருந்தாங்கன்னு. பதிவாகியிருக்கு."

பரந்தாமனுக்கு வியர்த்தது. மோகனைப் பார்த்தார். மோகன் விட்டத்தைப் பார்த்தான்.

"அவங்க நிக்கறதுதான் சார் கோச்சிங்கு!" என்று கத்தினார். "அவங்க அப்படித்தான். எல்லாத்தையும் மின்னாடியே சொல்லிக் குடுத்துட்டு நிப்பாங்க. என் பொண்ண எப்ப உள்ள வுடணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிது. எனக்கு தெரியல சார். நான் போட்டோவுக்கு பாத்தேன்."

நான் அவர் மைக்கின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். மண்டபத்து வாசலில் பூ கட்டுகிறவள்கூடத் திரும்பிப் பார்த்தாள். முதல் கூட்டத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது தீவிரமாகத் தலையாட்டினார்கள். இன்றைக்கும் சாப்பாடு அவர் செலவுதான். பழைய தீர்மானத்தை அடித்தார்கள், பயிற்சியாளர் பூங்காவனம் என்று எழுதினார்கள், அதே முத்திரையைக் குத்தினார்கள். டெக்னிக்கலாக என்ன மாறியது என்று இராமகிருஷ்ணனிடம் ஒருவரும் கேட்கவில்லை. சான்றையும் அங்கேயே டைப் அடித்துப் பரந்தாமனிடம் கையெழுத்து வாங்கினார்கள். பூங்காவனம் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று இராமகிருஷ்ணன் மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் பரந்தாமனைப் பார்த்தாள்.

"குடிவந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுக்கணும்னு அக்ரிமெண்ட்ல போட்டிருந்தே சார். மத்ததெல்லாம் நான் மீறல. அது ஒண்ணுதான் என்னால முடியல" என்றாள். பிறகு கிருஷ்ணப்பிரியாவின் முதுகில், அன்றைக்குத் தட்டிய அதே இடத்தில், ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தபாலாபீசுக்குக் கிளம்பினாள்.

கிருஷ்ணப்பிரியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பரந்தாமன் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கடைசியில் மோகன் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார். மைக் இன்னும் போட்டபடியே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னாடா, அப்படி ஒண்ணு போட்டிருந்தோமா?"